பின்னாடி பாரு! பேண்டோ பார்க்கப் போகும் தோழிகளுக்கு நொச்சிக்குப்பத்துக் குறிப்புகள்

மார்கழியில் மயிலாப்பூர் சபாக்களில் கச்சேரி. சாந்தோம் மாதா கோயில் பக்கம் நட்சத்திர விளக்கு. எங்கள் லூப் ரோட்டில் வாடைக்காற்று. இதே நாட்களில் சென்னையில் இன்னொரு கூத்தும் நடக்கும், நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. அதுதான் இங்கிலாந்துக்காரர்களின் கிறிஸ்துமஸ் பேண்டோமைம், சுருக்கமாக பேண்டோ. 1991-ல் ஆயிஷா ராவ் தொடங்கிய 'தி லிட்டில் தியேட்டர்' குழு, குழந்தைகளுக்காக இதைச் சென்னையில் பல வருடமாக மேடையேற்றி வந்திருக்கிறது. எழும்பூர் மியூசியம் தியேட்டர் என்றால் நாடகம் பார்க்கிறவர்களுக்கு இந்த பேண்டோவும் நினைவுக்கு வரும். நானும் எங்கள் தெருத் தோழிகளும் சேர்ந்து போய் வந்ததில் கற்றுக்கொண்டதையும், பிறகு குப்பத்திலேயே பிள்ளைகளை வைத்து ஒன்று போட்டுப் பார்த்ததில் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

1. பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள். 'மைம்' என்று முடிவதால் முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு பேசாமல் நடிக்கிற ஊமைக்கூத்து என்று நினைத்துப் பலர் வராமல் இருந்துவிடுகிறார்கள். உண்மையில் இதைவிடச் சத்தமான நாடகம் கிடையாது. பெயர் அப்படி நின்றுபோனதற்குக் காரணம் உண்டு. 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஜான் ரிச் என்பவர் பேசாமலே ஆடும் ஹார்லெக்வின் வேஷம் கட்டி இதைப் பிரபலமாக்கினார். வசன நாடகம் போட உரிமம் பெற்ற அரங்குகளுக்கு மட்டுமே அனுமதி என்ற சட்டமும் அங்கே நெடுநாள் இருந்தது. 1843-ல் அந்தக் கட்டு தளர்ந்த பிறகு வசனமும் சிலேடையும் வெள்ளமாய்ப் புகுந்துவிட்டன. பெயர் மட்டும் பழசாகவே இருக்கிறது. வீட்டில் யாராவது "ஊமை டிராமாவுக்கு எதுக்கு இவ்ளோ தூரம்?" என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

2. நாளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். டிசம்பர் பிறந்ததும் ஆங்கிலப் பத்திரிகைகளின் சென்னைப் பக்கத்தையும் டிக்கெட் விற்கும் ஆப்களையும் வாரம் ஒருமுறை பாருங்கள். எந்த வருடம் எந்த அரங்கு, எத்தனை காட்சி என்பது மாறும். மாலைக் காட்சியைவிட மதியக் காட்சி நமக்கு வசதி, மறுநாள் விடிவதற்கு முன் கடலுக்குப் போகிறவர்களுக்குச் சோறு கட்ட வேண்டிய வீடாக இருந்தால் இன்னும் வசதி. இங்கிலாந்தில் பேண்டோ தொடங்குவதற்கென்றே முன்பு பேர்போன நாள் டிசம்பர் 26. அவர்களுக்கு அது கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கொண்டாட்டம். நமக்கு அந்தத் தேதி வேறு. 2004-ல் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் உள்ளே வந்தது. ஒவ்வொரு வருடமும் அன்றைக்குக் கரையில் பால் ஊற்றிப் பூத் தூவி நிற்கிறோம். அந்த நாளில் நாடகம் வேண்டாம். அதற்கு முன்னாலோ, நாலு நாள் கழித்தோ போங்கள். 26-ம் தேதி தாண்டிப் போகிற வருடங்களில் எங்கள் பெரியம்மா கூடுதலாகச் சிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

3. முந்தின ராத்திரி கதையைச் சொல்லிவிடுங்கள். "சஸ்பென்ஸ் போயிடுமே" என்று பயப்படாதீர்கள். திரௌபதி வஸ்திராபரணம் தெருக்கூத்துக்கு உட்காருகிற கூட்டத்தில் முடிவு தெரியாதவர் யார்? தெரிந்துதானே விடிய விடிய உட்காருகிறோம். பேண்டோவும் அப்படித்தான். சிண்ட்ரெல்லா, அலாவுதீன், பசுமாட்டை விற்று அவரை விதை வாங்கி வந்த ஜாக், பூனையோடு லண்டன் போன டிக் விட்டிங்டன் என்று பத்துப் பதினைந்து கதைகளையே திரும்பத் திரும்பப் போடுவார்கள். கதை தெரிந்தால்தான் அதை எங்கே கோணலாக்குகிறார்கள் என்பது புரிந்து சிரிக்க முடியும்.

4. ஆங்கிலம் வராதே என்று யாரையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பாதி விஷயம் உடம்பில் இருக்கிறது: விழுவது, துரத்துவது, ஒளிவது, அடிவாங்குவது. மீதியில் பாதி பாட்டு. ஊர் நடப்பைக் கதைக்குள் இழுத்துப்போட்டுக் கிண்டல் செய்வது பேண்டோவின் பழைய பழக்கம். ஆங்கிலம் தெரிந்த பிள்ளை ஒன்று, தெரியாத பெரியவர் ஒருவர் என்று மாற்றி மாற்றி உட்காருங்கள். ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்க்க வேண்டாம். "இப்ப இவன் பொய் சொல்றான்" என்று ஒரு வரி காதில் போட்டால் போதும்.

5. எந்தப் பக்கம் உட்காருவது? இதற்கு ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழைய வழக்கப்படி நல்ல தேவதை நமக்கு இடது கைப் பக்கமிருந்து வரும், வில்லன் வலது கைப் பக்கமிருந்து வருவான். நாடகக்காரர்கள் மேடையில் நின்று நம்மைப் பார்த்தபடி வலம் இடம் சொல்வார்கள், அதனால் அவர்கள் பேச்சில் இது தலைகீழாக இருக்கும். வில்லனைப் பார்த்துக் கூச்சல் போட ஆசைப்படும் பையன்களை வலது ஓரத்தில் உட்கார வையுங்கள். பயந்த சுபாவமுள்ள குட்டிகள் இடது பக்கம். எல்லாக் குழுவும் இதை விடாமல் பின்பற்றும் என்று சொல்ல முடியாது, ஆனாலும் வில்லன் வலதிலிருந்து வந்தால் பிள்ளைகளிடம் உங்களுக்குப் பெரிய பெயர் கிடைக்கும்.

6. கத்துங்கள். இந்தப் பட்டியலில் ஒரே ஒரு குறிப்பை மட்டும்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

சபாவில் கை தட்டுகிற இடம் தெரியாமல் தட்டினால் திரும்பிப் பார்ப்பார்கள். பேண்டோவில் வாயை மூடிக்கொண்டிருந்தால்தான் நாடகம் படுத்துவிடும். நடிகர்கள் வசனத்துக்கு நடுவே நமக்காக இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். நாம் அந்த இடத்தை நிரப்பாவிட்டால் பாவம், அவர்கள் காற்றில் நிற்பார்கள். எனவே இந்த நாலையும் வீட்டிலேயே பழகிக்கொண்டு போங்கள்.

முதலாவது, வில்லன் தலை தெரிந்ததும் நீளமாக "பூ...". நாம் "ஊ..." என்று ஊளையிடுகிற அதே சுருதிதான். கூடவே பாம்பு மாதிரி "ஸ்ஸ்ஸ்". இரண்டாவது, கதாநாயகன் நிற்க, அவன் முதுகுக்குப் பின்னால் பேயோ கரடியோ வந்து நிற்கும். அவன் "எங்கே? எங்கே?" என்பான். கூட்டம் மொத்தமும் "ஹீ இஸ் பிஹைண்ட் யூ!" என்று அலற வேண்டும். தமிழில் "பின்னாடி பாரு!" என்று கத்தினாலும் நடிகருக்குப் புரியும், சென்னைதானே. அவன் திரும்பும்போது பேயும் கூடவே திரும்பிவிடும், மறுபடி கத்த வேண்டும். மூன்றாவது, மேடையிலிருந்து "ஓ நோ இட் இஸிண்ட்!" என்றால் நாம் "ஓ யெஸ் இட் இஸ்!" என்று திருப்பிக் கொடுக்க வேண்டும். குழாயடியில் "இல்லவே இல்ல", "ஆமா இருக்கு" என்று இழுப்போமே, அதுவேதான். நாலாவது, ஒருவர் ஆரம்பத்திலேயே நம்மோடு ஒப்பந்தம் போடுவார்: "நான் வந்து ஹலோ சொன்னால் நீங்கள் இப்படிப் பதில் சொல்ல வேண்டும்" என்று. கடைசிவரை அதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

தெருக்கூத்துக் கட்டியக்காரனைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் புதுசு எதுவும் இல்லை. அவன் ராஜாவிடம் பேசிக்கொண்டே திரும்பி முன்வரிசைப் பாட்டியிடம் வெற்றிலை கேட்பான். கதைக்குள்ளே ஒரு கால், நம் நடுவே ஒரு கால். எங்கோ குளிர்நாட்டில் வளர்ந்த கூத்திலும் அப்படி ஒருத்தன் இருக்கிறான் என்பதைக் கண்ட அன்றுதான் எனக்கு பேண்டோ மேல் பாசம் வந்தது. ஜோசஃப் கிரிமால்டி (1778–1837) என்ற லண்டன் கோமாளி இந்த வித்தையில் பெரிய ஆள். அவர் பெயரை வைத்தே கோமாளிகளை 'ஜோயி' என்று அழைக்கும் பழக்கம் வந்தது.

மீன் விலை கூவிக் கூவிப் பழகிய எங்கள் அக்காமார் முதல் தடவை போனபோது கூச்சத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாதி நாடகம் வரைக்கும்தான். அப்புறம் வில்லன் ஒவ்வொரு முறையும் எங்கள் வரிசையைப் பார்த்துத்தான் முறைத்தான்.

7. தொண்டை கட்டாமலிருக்க: கழுத்திலிருந்து கத்தாதீர்கள், அடிவயிற்றிலிருந்து குரலை எடுங்கள், ஏலம் கூறுகிற மாதிரி. போவதற்கு முன் வெதுவெதுப்பான தண்ணீர். இடைவேளையில் ஐஸ்கிரீமைத் தள்ளி வையுங்கள். வீடு வந்ததும் கல் உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளித்துவிட்டு ஒரு டம்ளர் சுக்குமல்லிக் காபி.

8. காலையில் மீன் அறுத்துவிட்டு மதியம் கிளம்புகிறவர்களுக்கு: சோப்புக்கு முன்னால் புளியும் கல் உப்பும் சேர்த்து விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேயுங்கள். பிறகு கடலைமாவு, அதன்பின் எலுமிச்சைத் தோல். கையில் கத்தி வெட்டு இருந்தால் எலுமிச்சை வேண்டாம், எரியும். மோதிரத்தையும் வளையலையும் கழற்றித் தேய்க்க வேண்டும், வாடை தங்குவது அங்கேதான்.

9. எழும்பூருக்குப் போய்ச் சேர: கலங்கரை விளக்கம் நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறி பார்க் டவுனில் இறங்குங்கள். பக்கத்திலேயே பார்க் ஸ்டேஷன். அங்கிருந்து தாம்பரம் பக்கம் போகிற மின்சார ரயிலில் அடுத்த நிறுத்தமே எழும்பூர். மியூசியம் இருக்கும் பாந்தியன் சாலை அங்கிருந்து நடந்துபோகிற தூரம்தான். பஸ் என்றால் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது, குழுவாகப் போகும்போது இது நல்ல மிச்சம். மாலைக் காட்சி முடிந்து ரயிலை நம்பி நிற்காதீர்கள். போகும்போதே திரும்பி வருவதற்கு ஷேர் ஆட்டோவையோ வேனையோ பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

10. இரண்டு மணி நேரம் முன்னதாகப் போனால் மியூசியத்தையும் பார்த்துவிடலாம். வெள்ளிக்கிழமை மட்டும் மூடியிருக்கும். அங்கே இருக்கிற திமிங்கல எலும்புக்கூட்டைக் கடலோரப் பிள்ளைகள் பார்க்காமல் திரும்பக்கூடாது. எங்கள் தாத்தா ஒருவர் அதன் எதிரில் அரை மணி நேரம் நின்றார். பாந்தியன் என்ற பெயருக்கும் நாடகத்துக்கும் சம்பந்தம் உண்டு. கம்பெனி காலத்தில் வெள்ளைக்காரர்கள் நாடகமும் நடனமும் நடத்திய மண்டபத்தின் பெயர் அது. அந்த வளாகத்துக்குத்தான் பிற்பாடு அருங்காட்சியகம் வந்தது. இப்போதுள்ள தியேட்டர் 1896-ல் நம்பெருமாள் செட்டியார் கட்டியது, வரைபடம் ஹென்றி இர்வின். பழைய கட்டடம், ஆகவே முழங்கால் வலி உள்ளவர்களைப் படி குறைவான இருக்கையில் உட்கார வைக்க முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

11. சின்னப் பிள்ளைகளுக்கு: "அந்த ராட்சசன் ஒரு அங்கிள், வீட்டுக்குப் போய் மீசையைக் கழற்றிடுவார்" என்று முதலிலேயே சொல்லுங்கள். விளக்கு அணைகிற நொடியில் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓர இருக்கை வாங்கினால் அழுதவுடன் வெளியே போக முடியும். காதில் வைக்கக் கொஞ்சம் பஞ்சு. முடிகிற நேரத்தில் சில பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிட்டுப் பெயர் கேட்டுப் பாட வைப்பது பேண்டோ வழக்கம். பிள்ளைக்கு விருப்பமிருந்தால் அனுப்புங்கள், பிடித்துத் தள்ள வேண்டாம்.

12. தீனி: உள்ளே கொண்டுபோக விட மாட்டார்கள். வேர்க்கடலை, பொரி, முறுக்கு எதுவானாலும் இடைவேளையில் வெளியே வைத்துச் சாப்பிட்டுக் கை துடைத்துவிட்டு உள்ளே போங்கள். எவர்சில்வர் டப்பா வேண்டாம், இருட்டில் கீழே விழுந்தால் அரங்கமே திரும்பும். துணிப்பை போதும்.

13. பையன் வேஷத்தில் பெண்ணும், அம்மா வேஷத்தில் ஆணும் வந்தால் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். பதில் நம் கையிலேயே இருக்கிறது. பேண்டோவின் கதாநாயகனை 'பிரின்சிபல் பாய்' என்பார்கள், வழக்கமாக அது ஒரு பெண். நம்மிடம் கே.பி. சுந்தராம்பாள் 1935-ல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். பேண்டோவின் அம்மாக்காரிக்கு 'டேம்' என்று பெயர், அது மீசை மழித்த ஆம்பிளை. நம் நாடக மேடையில் 'ஸ்திரீ பார்ட்' கட்டிய ஆண்கள் எத்தனை பேர்! ஔவையாராகவே வாழ்ந்ததால் டி.கே. சண்முகத்துக்கு அவ்வை சண்முகம் என்றே பெயர் வந்தது. அந்தப் பெயரைத் தொட்டுத்தான் 1996-ல் 'அவ்வை சண்முகி' வந்தது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு, அதை ரசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஸ்திரீ பார்ட் கட்டுகிறவர் பெண்ணாகவே தெரிய வேண்டும் என்று பாடுபடுவார். டேம் அப்படி இல்லை. உள்ளே இருப்பது ஆண் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும், கரகரத்த குரலிலேயே பேச வேண்டும், ஒவ்வொரு முறை வரும்போதும் முந்தினதைவிட அட்டகாசமான கவுன் போட்டு வர வேண்டும். அலாவுதீனின் அம்மாவுக்கு விதவை ட்வாங்கி என்று பெயர். 1861-ல் லண்டனில் போட்ட ஒரு நாடகத்தில், அப்போது அங்கே விற்ற ஒரு சீனத் தேயிலையின் பெயரை அவளுக்கு வைத்தார்கள், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளுக்குத் தொழில் துணி துவைப்பது. உழைத்துக் களைத்து, வாய் ஓயாமல் பேசி, பிள்ளையைத் திட்டித் திட்டியே காப்பாற்றுகிற அம்மா. எங்கள் தெருவில் அவளை எல்லோருக்கும் தெரியும்.

பார்த்துவிட்டு வந்த ஜோரில் நாமே ஒன்று போடலாம் என்று பிள்ளைகள் கிளம்புவார்கள். தடுக்காதீர்கள். 2015 பிப்ரவரியில் பெசன்ட் நகர் ஊரூர்-ஆல்காட் குப்பத்தில் நடந்த விழாவில் கர்நாடக இசை கடற்கரைக் குப்பத்துக்கே வந்ததே. பேண்டோ வருவதற்கு என்ன? இனி வருபவை வீட்டு பேண்டோவுக்கான குறிப்புகள்.

14. மொட்டை மாடியைவிட மணல் நல்லது. மாடியில் கைப்பிடிச் சுவரும் இருட்டும் பிள்ளைகளுக்கு ஆகாது. படகுகளுக்கு இந்தப் பக்கம், காற்று முதுகில் படுகிற மாதிரி மேடையை அமையுங்கள். வாடைக்காற்று நடிகர்கள் பேசுவதைக் கூட்டத்தின் பக்கம் கொண்டுபோகும். எதிர்காற்றில் போட்டால் இரண்டாவது வரிசைக்கே ஒன்றும் கேட்காது. கதைக்கு ஜாக்கும் அவரைச் செடியும் எளிது. மாட்டுக்குப் பதில் பழைய வலையை விற்றுவிட்டு விதை வாங்கி வருகிற மகன் என்று மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றினால் 16-ம் குறிப்பிலுள்ள மாடு போய்விடும், அது பெரிய நஷ்டம்.

15. டேம் உடுப்பு: பழைய பாவாடையைத் தடித்த சாதக் கஞ்சியில் முக்கி நிழலில் காயவைத்து, லேசாகத் தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் விறைப்பாக நிற்கும். கடல் ஈரத்தில் அரை மணியில் தொய்ந்துபோகும், ஆகவே மேடைக்குப் போகும் வரை பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வையுங்கள். இன்னும் அகலம் வேண்டுமானால் தண்ணீர் டியூபை வளையமாக்கிப் பாவாடைக் கரையில் செருகுங்கள், தெருக்கூத்துக்காரர்களின் அகலப் பாவாடை மாதிரி சுழலும். தலைமுடிக்கு உபயோகமில்லாத நைலான் வலைத் துண்டு, அதுவும் பச்சையோ நீலமோ. நன்றாக அலசிக் காயவைத்து, பழைய துணித் தொப்பி மேல் தைக்க வேண்டும். மார்புக்குத் துணி திணித்த தலையணை உறையைக் குறுக்கே கட்டுங்கள். ஊக்கு குத்தாதீர்கள், விழுந்து புரளும்போது ஆளைக் குத்தும்.

16. இரண்டு பேர் சேர்ந்த மாடு: பேண்டோவில் பிள்ளைகளுக்கு உயிர். தஞ்சாவூர்ப் பொய்க்கால் குதிரையில் ஒருவர் நின்று ஆடுவார், இதில் முன்னங்கால் ஒருவர், குனிந்து பின்னங்கால் ஒருவர். தலைக்கு அட்டைப்பெட்டி, உடம்புக்கு இரண்டு பழைய பெட்ஷீட், காம்புக்குப் பஞ்சடைத்த ரப்பர் கையுறை. பின்னால் இருப்பவர் முன்னவர் இடுப்பில் கட்டிய துண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இடுப்பையே பிடித்தால் இருவரும் விழுவார்கள். வயிற்றுப் பக்கம் மூச்சுக்கு ஓட்டை போடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் குனிய விடாதீர்கள். இளைப்பு உள்ள பிள்ளையைப் பின்னங்காலாகப் போடவே கூடாது. இரண்டு பேரும் "எடம், வலம்" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே நடந்தால் மாடு மாடாக நடக்கும்.

17. வலிக்காத அடி: இரண்டு மர ஸ்கேல்களை ஒரு முனையில் மட்டும் நடுவே சிறு அட்டைத் துண்டு வைத்து இறுக்கிக் கட்டுங்கள். மறுமுனை லேசாகத் திறந்திருக்கும். தட்டினால் இரண்டும் மோதி "பட்" என்று பெரிய சத்தம் வரும், உடம்பில் பட்டது தெரியாது. ஆங்கிலத்தில் 'ஸ்லாப்ஸ்டிக்' என்று ஒரு நகைச்சுவை வகைக்கே பேர் வந்தது, ஹார்லெக்வின் கையில் வைத்திருந்த இந்தக் கட்டையால்தான். முதுகிலும் பின்பக்கத்திலும் மட்டும் அடிக்கலாம், தலையில் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

18. கூழ் கொட்டும் காட்சி: சமையலோ வெள்ளையடிப்போ செய்வதாகச் சொல்லி ஒருவர்மேல் ஒருவர் பூசிக்கொள்வது. ஷேவிங் நுரையும் பூந்திக்கொட்டை நுரையும் கண்ணை எரிக்கும். ஆறிய அரிசிமாவுக் கஞ்சி போதும். காட்சி முடிந்ததும் வாளித் தண்ணீரில் கழுவுங்கள். "கடல் பக்கத்துலதானே" என்று இருட்டில் பிள்ளைகளை அலையில் இறக்காதீர்கள், இந்த மாதத்தில் இழுப்பு அதிகம் என்பது நமக்குத் தெரியாததல்ல.

19. விளக்கு: எல்.இ.டி. டார்ச் இரண்டு, கண்ணாடிக் காகிதம் இரண்டு. வில்லனுக்குப் பச்சை, தேவதைக்கு இளஞ்சிவப்பு. பழைய குண்டு பல்பில் காகிதம் சுற்றாதீர்கள், பற்றிக்கொள்ளும்.

20. பாட்டுத் துணி: முடிகிற நேரத்தில் எல்லோரும் சேர்ந்து பாட வரிகளை எழுதிப் பிடிப்பார்கள். பழைய வெள்ளை வேட்டியில் படகுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டால் ஓர் எழுத்து ஒரு சாண் உயரம், மொத்தம் நாலே வரி. பிள்ளைகளே இட்டுக்கட்டிய வரிகளாக இருக்கட்டும். கூட்டத்தை வலப்பக்கம், இடப்பக்கம் என்று பிரித்து யார் சத்தம் பெரிசு என்று போட்டி வையுங்கள்.

21. மிட்டாய் வீசுவதும் வழக்கம். கமர்கட்டு வேண்டாம், நெற்றியில் பட்டால் வீங்கும். காகிதம் சுற்றிய தேன்மிட்டாயைக் கூடையில் வைத்துக் கையில் கொடுத்துவிடுவது இன்னும் நல்லது. பின்வரிசைப் பிள்ளைகளுக்கும் அப்போதுதான் கிடைக்கும்.

22. முகப்பூச்சு: முதலில் லேசாகத் தேங்காய் எண்ணெய், அதற்கு மேல்தான் நிறம். கோலப்பொடி, சாயப்பொடி முகத்துக்கு ஆகாது. கலைக்கும்போது தண்ணீர் ஊற்றித் தேய்க்காமல், பஞ்சில் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டுப் பிறகு சோப்பு.

23. தேவதையும் வில்லனும் எதுகையோடு பேச வேண்டும். பிள்ளைகளுக்கு இது கஷ்டமே இல்லை, விடுகதை போட்டுப் பழகியவர்கள்தானே. நாடகத்தின் கடைசி இரண்டு வரியை மட்டும் ஒத்திகையில் சொல்லக்கூடாது என்று பேண்டோக்காரர்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது, முதல் காட்சியன்று கூட்டத்தின் முன்னால்தான் சொல்வார்கள். நாங்களும் அப்படியே செய்தோம். கடைசி இரண்டு வரி சொல்ல வேண்டிய பெண், அதை ஒரு வாரம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். அவள் அம்மா கேட்டும் சொல்லவில்லை.

24. முடிந்ததும் உடுப்புகளைக் கஞ்சி போக அலசி, நன்றாகக் காயவைத்து மடியுங்கள். கஞ்சியோடு வைத்தால் பூச்சி அரிக்கும். ஊக்கு, கம்பி எல்லாவற்றையும் கழற்றி எண்ணெய் தொட்டு டப்பாவில் போடுங்கள், நம் உப்புக்காற்றில் ஒரே மாதத்தில் துருப்பிடித்துத் துணியில் கறை இறங்கும். காய்ந்த வேப்பிலையோடு பழைய வலையில் சுருட்டிப் பரண்மேல் தொங்கவிடுங்கள். மாட்டுத் தலையை மட்டும் தனியாக, எலி எட்டாத இடத்தில்.